பழைய லாரியும் அண்ணி கேட்ட கேள்வியும்

பழைய லாரி எப்படிப் பார்த்து வாங்கணும்னு எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, ஒண்ணும் கிடையாது. படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா எங்க ஊர்ல (தஞ்சாவூர் மாவட்டம், அம்மாபேட்டை பக்கம்) இன்ஜினியர்னா இன்ஜினைப் பத்தித் தெரிஞ்சவன்னு அர்த்தம். பம்புசெட் நின்னாலும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க :-) அதனால பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சொந்தமா ஒரு லாரி வாங்கணும்னு கிளம்பினப்போ "நீயும் வாடா"ன்னு சொன்னதுல ஆச்சரியம் இல்லை. 2024 நவம்பர்ல ரெண்டு வாரம் ஊர்ல இருந்தேன். அதுக்குள்ள ஒன்பது வண்டி பார்த்தோம். கூடவே மெக்கானிக் பாய். நான் கத்துக்கிட்டது எல்லாம் அவர்கிட்டதான்.

அண்ணன் பதினோரு வருஷமா அடுத்தவங்க லாரி ஓட்டுறவர். கையில கொஞ்சம் சேமிப்பு, அண்ணி நகையைக் கூட்டுறவு வங்கியில வெச்சு ஒரு தொகை, மீதிக்கு பைனான்ஸ். எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்துக்குள்ள வண்டி. தை மாசம் சம்பா அறுப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள ரோட்டுல இறக்கணும்.

ஏன் அவ்வளவு அவசரம்னு டெல்டாவுக்கு வெளில இருக்குறவங்களுக்குச் சொல்லணும். இங்க லாரித் தொழில் வருஷம் பூரா ஒரே மாதிரி ஓடாது. மேட்டூர்ல தண்ணி திறந்தாத்தான் எல்லாமே. வழக்கமா ஜூன் 12. 2024-ல அணையில தண்ணி இல்லாம ஜூலை 28-லதான் திறந்தாங்க. அதனால எல்லார் கண்ணும் சம்பா மேல. தை, மாசி ரெண்டு மாசம் மிஷின் வெச்சு அறுத்து, நெல்லு நேரடி கொள்முதல் நிலையத்துக்கு வந்து, 40 கிலோ மூட்டையா பிடிச்சு, அங்கேர்ந்து கிடங்குக்கும் ரயிலடிக்கும் போகணும். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல போனா நெல்லு எடுக்க மாட்டாங்க. விலக்கு வேணும்னா டெல்லிக்கு எழுதிக் கேக்கணும். எடுத்த மூட்டையும் லாரி வர்ற வரைக்கும் திறந்தவெளியில தார்ப்பாய்க்கு அடியிலதான். நடுவுல ஒரு மழை வந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அந்த அறுபது நாள்ல ஓடுற வண்டிதான் வருஷத்துக்குச் சம்பாதிக்கும். மீதி மாசமெல்லாம் உரம், செங்கல், வைக்கோல்னு கிடைச்ச லோடு.

நான் நம்ம பழக்கப்படி ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். மாடல், வருஷம், கிலோமீட்டர், எத்தனாவது ஓனர், டயர், விலைன்னு இருபத்து மூணு காலம். பெருமையா வீட்ல காட்டுறேன். அண்ணி பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"தம்பி, வண்டி நின்னுபோச்சுன்னா அந்த மாசம் டியூ எங்கேர்ந்து வரும்?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவே. எங்க தொழில்ல இதுக்கு ரெண்டு அளவு உண்டு. ஒரு சிஸ்டம் எத்தனை நாளுக்கு ஒருதடவை படுக்குதுங்கிறது ஒண்ணு (எம்டிபிஎஃப்). படுத்தா எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறது இன்னொண்ணு (எம்டிடிஆர்). பழைய லாரி வாங்குறவங்க பெரும்பாலும் முதல் அளவைத்தான் பார்க்கறாங்க. "இன்ஜின் கண்டிஷனா சார், கையே வைக்கல" அப்படின்னு புரோக்கர் சொல்றதும் அதைத்தான். ஆனா அறுபது நாள் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு வண்டி சீசன்ல ஆறு தடவை நிக்குது, ஒவ்வொரு தடவையும் அரை நாள்ல சரியாகுது. போனது மூணு நாள், அதாவது 5 சதவீதம். இன்னொரு வண்டி ஒரே ஒரு தடவைதான் நிக்குது, ஆனா பார்ட்ஸ் வெளியூர்லேர்ந்து வந்து மாட்டி முடிக்க பன்னெண்டு நாள். போனது 20 சதவீதம். அண்ணிக்கு எந்த வண்டி நம்பிக்கையான வண்டி?

இதைச் சொன்னதும் பாய் சிரிச்சார். "பழைய வண்டி நிக்காம ஓடும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க தம்பி. எங்க நிக்கும், எதனால நிக்கும்னு தெரிஞ்சு வாங்கணும்" அப்படின்னார். எங்க தொழில்ல எம்டிபிஎஃப்னு நீட்டி முழக்குறதை அவர் ரெண்டு வரில முடிச்சுட்டார்.

எந்த வண்டி

முதல்ல அளவு. பத்து சக்கர வண்டில வாடகை அதிகம்தான். ஆனா எங்க பக்கம் பாதி கொள்முதல் நிலையத்துக்கு வாய்க்கால் கரையிலயும் ஒத்தைப் பாலத்துலயும்தான் போகணும். அதனால ஆறு சக்கரம்னு முடிவு. டாடா, லேலண்டு ரெண்டுலயும் 1613 மாதிரி நம்பர் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் வண்டியும் லோடும் சேர்த்து ஏறக்குறைய எத்தனை டன். கடைசி ரெண்டைப் பத்தால பெருக்கினா ஏறக்குறைய குதிரைத் திறன். 16.2 டன்ல வெறும் வண்டி ஆறு டன்னைக் கழிச்சா கையில பத்து டன். அதாவது 250 மூட்டை நெல்லு. (2018 ஜூலைல இந்த வரம்பை 18.5 டன்னா உயர்த்தினாங்க. ஆனா நீங்க வாங்குற வண்டிக்கு ஆர்சில என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.)

அடுத்து வயசு. இங்கதான் நிஜமான குழப்பம். 2017 மார்ச் கடைசில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, ஏப்ரல் 1-லேர்ந்து பிஎஸ்-3 வண்டி விக்கக் கூடாதுன்னு ஆச்சு. 2020 ஏப்ரல்லேர்ந்து பிஎஸ்-6 மட்டும்தான். பிஎஸ்-3 வண்டில பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்பு. ஸ்பேனர் இருந்தா எந்தத் தெருவோர மெக்கானிக்கும் கை வைப்பார். பிஎஸ்-6-ல புகை வடிகட்டி, யூரியா தண்ணி, அதுக்கு ஏகப்பட்ட சென்சார். ஒரு சென்சார் தப்பா சொன்னாலும் வண்டி தானா வேகத்தைக் குறைச்சுக்கும், லேப்டாப் மாட்டினாத்தான் வியாதியே தெரியும். சாப்ட்வேர்காரனா எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கணும். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு கொள்முதல் நிலைய வாசல்ல லேப்டாப்போட யார் வருவாங்க? காத்துக்கு நல்லது புது வண்டிதான், அதுல சந்தேகம் இல்லை. ஏழு லட்சத்துக்குள்ள வாங்குறவனுக்கு அது இன்னும் எட்டல.

பழசுக்கும் விலை உண்டு. எட்டு வருஷத்தைத் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. பசுமை வரி தனி. வயசு ஏற ஏற கட்டணமும் ஏறும். இதையெல்லாம் மாசச் செலவுல சேர்த்துக்கணும்.

என்ன வேலை பார்த்த வண்டி

ஆளை வேலைக்கு எடுக்கும்போது முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேக்கறோம்ல, அதே கேள்வியை லாரிகிட்டயும் கேக்கணும். மீட்டர்ல கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, கேபிளைக் கழட்டிட்டா அது நின்னுடும். கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேஞ்சிருக்கு, டிரைவர் பக்கக் கதவு எவ்வளவு தொங்குது, அதைப் பாருங்க.

எங்க பக்கம் வண்டிகளுக்கு நாலு ஜாதகம்.

மணல் அடிச்ச வண்டி: ஈர மணல், அளவுக்கு மேல லோடு. பின்னாடி ஸ்பிரிங்ல கம்பெனி கொடுத்ததுக்கு மேல எக்ஸ்ட்ரா பட்டை சேர்த்திருப்பாங்க. பட்டையை எண்ணிப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

உப்பு ஏத்தின வண்டி: வேதாரண்யம் உப்பளம். 1930-ல ராஜாஜி திருச்சிலேர்ந்து தஞ்சாவூர் வழியா நடந்து போய் உப்பு எடுத்த அதே ஊர். நாட்டுக்கு நல்லது செஞ்ச உப்பு, லாரி சேஸுக்கு மட்டும் எமன். மேல பெயிண்ட் அடிச்சு மறைக்கலாம், உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும்.

நெல்லு ஏத்தின வண்டி: லோடு அளவா இருக்கும். ஆனா நெல்லுச் சுணை ஏர் பில்டரையும் ரேடியேட்டரையும் அடைச்சிடும். கிடங்கு வாசல்ல, ரயிலடி வாசல்ல மணிக்கணக்கா வரிசை. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல மாட்டினவங்களுக்கு நான் சொல்றது புரியும். அரை கிளட்ச்ல நகர்ந்து நகர்ந்து கிளட்ச் பிளேட்தான் முதல்ல போகும்.

வைக்கோல் ஏத்தின வண்டி: பார்க்க மலை மாதிரி இருக்கும், எடை கம்மி. கிடைச்சா யோகம்.

இதுக்கு வெளில ரெண்டு எச்சரிக்கை. டெல்லிப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல் டீசல் வண்டிக்குத் தடை வந்தப்புறம் அங்கேர்ந்து நிறைய வண்டி மத்த மாநிலங்களுக்கு வந்தது. தடையில்லாச் சான்று (ஃபார்ம் 28) இல்லாம தொடாதீங்க. அப்புறம் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மாதிரி சென்னை வெள்ளத்துல முங்கின வண்டி. சீட்டுக்கு அடியில, பியூஸ் பெட்டிக்குள்ள, லைட்டுக்குள்ள வண்டல் இருக்கான்னு பாருங்க.

பாய் பார்த்த விதம்

காலைல ஆறரைக்கே போய் நிப்பார். முதல் வேலையா இன்ஜின் மேல கை வைப்பார். சூடா இருந்தா "நமக்காக ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க" அப்படின்னு திரும்பிடுவார், ஏன்னா பழைய இன்ஜினோட நோய் குளிர்ந்த ஸ்டார்ட்லதான் தெரியும். புகை நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்பா வந்தா டீசல் அதிகம் இல்ல காத்து பத்தல. வெள்ளைப் புகை சூடானப்புறமும் நிக்கலேன்னா தண்ணி உள்ள போகுதோன்னு பார்க்கணும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, குபுகுபுன்னு காத்து அடிச்சா பிஸ்டன், லைனர் தேஞ்சிருக்கு. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா ஓடியே வந்துடுங்க.

ஆனா இன்ஜினுக்கு அவர் கொடுத்தது பத்து நிமிஷம். சேஸுக்கு அரை மணி நேரம். அடியில படுத்து, சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போவார். ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்துல, கிராஸ் மெம்பர் சேருற இடத்துல விரிசல், வெல்டிங் தேடுவார். காரணம் கேட்டேன். "இன்ஜின் ஒரு வாரத்துல புதுசாக்கிடலாம் தம்பி. சேஸ் போனா வண்டியே போச்சு." சேஸ் நம்பர்ல பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோட ஒத்துப் பார்ப்பார், சுத்தி அரம் போட்ட அடையாளம் இருக்கக் கூடாது.

முன் சக்கரத்தை ஜாக்கில தூக்கி ஆட்டிப் பார்த்தா கிங்பின் ஆட்டம் தெரியும். இன்ஜினை நிறுத்திட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஏர் மீட்டரைப் பார்த்தா, முள்ளு இறங்குற வேகத்துல கசிவு தெரியும். டயர் ஒரு பக்கமா தேஞ்சிருந்தா பின்னாடியே பைக்ல போய், முன் சக்கரத் தடத்துலயே பின் சக்கரம் வருதான்னு பார்க்கணும். ஸ்டெப்னியோட ஏழு டயர். எல்லாம் மாத்தணும்னா ஒரு லட்சத்தைத் தாண்டிடும், அதை விலைல குறைச்சுக் கேளுங்க.

கடைசியா லோடு டெஸ்ட். (நம்ம வார்த்தைதான், ஆனா இவங்க நிஜமாவே லோடு ஏத்துறாங்க!) டெல்டால மேடே கிடையாது, வெறும் வண்டியை ஓட்டினா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். லோடோட மேம்பாலத்துல ஏத்தி, நடுவுல நிறுத்தி, மறுபடி எடுக்கணும். கிளட்ச், கியர், ரேடியேட்டர் மூணும் அங்க பேசும். லோடோட ஓட்டிப் பார்க்கக் கூடாதுன்னு சொன்ன ரெண்டு வண்டியை அந்த இடத்துலயே விட்டுட்டோம்.

காகிதம்

எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டா எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, பைனான்ஸ் நிலுவை எல்லாம் வரும். இ-சலான் பாக்கியும் பார்த்துடுங்க. பைனான்ஸ் இருந்தா கடன் முடிஞ்ச கடிதமும் ஃபார்ம் 35-ம் வேணும். பேர் மாத்த ஃபார்ம் 29, 30. "ஓப்பன் கையெழுத்து வாங்கிக்கோங்க, அப்புறம் மாத்திக்கலாம்" அப்படின்னு சொன்னா ஒத்துக்காதீங்க. இது வித்தவருக்கும் ஆபத்து. 2018 பிப்ரவரில நவீன் குமார் - விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. இதை எடுத்துச் சொன்னா நேர்மையா விக்கிறவர் தானே முன்னாடி வந்து கையெழுத்து போடுவார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுத்துடுங்க.

கடைசி ரெண்டு

ஒன்பதுல கடைசியா ரெண்டு மிஞ்சிச்சு. ரெண்டும் பிஎஸ்-3, ஆறு சக்கரம்.

முதல் வண்டி 2014 மாடல், விலை ஆறே முக்கால் லட்சம். புது பெயிண்ட், புது சீட் கவர், எஃப்சி இன்னும் பத்து மாசம் இருக்கு. சத்தமே இல்லாத இன்ஜின். அண்ணனுக்கு அது மேல கண்ணு, முன்னாடி நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டார். சிமெண்ட்தான் ஏத்தினோம்னு சொன்னாங்க. பாய் அடியில படுத்து, கிராஸ் மெம்பர் உள்பக்கத்துல ஸ்க்ரூ டிரைவரால சுரண்டி, விரல்ல ஒட்டின வெள்ளைத் தூளை நாக்குல வெச்சுப் பார்த்தார். ஒண்ணும் பேசாம எழுந்து வந்து அண்ணன்கிட்ட "உப்பு" அப்படின்னார். அவ்வளவுதான். எஃப்சிங்கிறது பரிசோதிச்ச அன்னிக்கு வண்டி எப்படி இருந்ததுன்னு சொல்ற காகிதம். அடுத்த நாலு வருஷத்தை அது சொல்லாது.

ரெண்டாவது 2012 மாடல், ஒரு ரைஸ்மில் முதலாளியோடது, ஒரே ஓனர். பெயிண்ட் வெளுத்து, முன் பம்பர் கோணி, பார்க்கவே சோகம். நீலப் புகை வேற. அஞ்சே கால் லட்சம் சொன்னார். பேரம் பேசறதுக்கு முன்னாடி உள்ள போய் ஒரு நீள நோட்டு எடுத்துட்டு வந்தார். பன்னெண்டு வருஷத்துல மாத்தின ஒவ்வொரு பொருளும் தேதியோட. கிளட்ச் பிளேட் எத்தனை தடவை, மெயின் பட்டை எப்ப, ரேடியேட்டர் எப்ப கழட்டி சுத்தம் பண்ணாங்க, எல்லாம். "இன்ஜின் வேலை பண்ணணும் தம்பி, ஆயில் குடிக்குது. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" அப்படின்னார். பாய் சேஸைத் தட்டிட்டு வந்து தலையை மட்டும் ஆட்டினார்.

பிழையே இல்லைன்னு சொல்ற சாப்ட்வேரையும், இன்னின்ன பிழை இருக்குன்னு பட்டியலோட வர்ற சாப்ட்வேரையும் பக்கத்துல வெச்சா நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன். அண்ணன்கிட்ட அதைச் சொன்னேன். "இதை ஊருக்குள்ள ஓட்டிட்டுப் போனா சிரிப்பாங்கடா" அப்படின்னார். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்குற முதல் வண்டி, அவர் ஆசை எனக்குப் புரியாம இல்லை. அண்ணி நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமா புரட்டினாங்க. கடைசில "இதுல எழுதியிருக்கிற செலவை நம்மளால தாங்க முடியும்"னாங்க. அதோட முடிஞ்சது.

அஞ்சு லட்சத்துக்கு முடிச்சு, இன்ஜினைப் பிரிச்சு லைனர், பிஸ்டன், பேரிங் மாத்தினதுல ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரம். பெயிண்டுக்குக் காசு மிஞ்சல. 2025 பொங்கல் கழிச்சு முதல் நடை. பிப்ரவரில ஒரு ராத்திரி நீடாமங்கலத்துல வரிசையில நிக்கும்போது கிளட்ச் போச்சு. நோட்டுப்படி அது போக வேண்டிய நேரம்தான், பிளேட் முன்கூட்டியே வாங்கி கேபின்லயே வெச்சிருந்தாங்க. பாய் டிவிஎஸ் எக்ஸெல்ல ஒரு பையனோட வந்து கியர்பாக்ஸை இறக்கி, விடியறதுக்குள்ள மாட்டிட்டார். காலைல வரிசை நகர்றப்போ வண்டியும் நகர்ந்துச்சு.

அந்த சீசன்ல மொத்தம் நாலு தடவை நின்னுது. எல்லாம் சேர்த்து ரெண்டரை நாள். டியூ ஒண்ணுகூடத் தவறல. நகைல மூணுல ஒரு பங்கு திரும்பி வந்தது. மீதி இன்னும் வங்கிலதான் இருக்கு. முதலாளி கொடுத்த அதே நோட்டுல, அவர் கையெழுத்து முடிஞ்ச பக்கத்துலேர்ந்து அண்ணி எழுதறாங்க. என் எக்ஸெல் ஷீட்டை யாரும் திறக்கறதில்லை :-)

உங்க ஊர்ப் பக்கம் பழைய வண்டி எப்படிப் பார்ப்பாங்க? குறிப்பா மலைப்பக்கம், கடல்பக்கம் இருக்குற மக்கள் சொல்லுங்க. பாய்கிட்ட படிச்சுக் காட்டறேன், அவருக்கும் ஆவல்.